அண்ணாச்சி காருக்கு ரேடியோ வைத்த கதை

எங்கள் கடை வாசலில் ஒரு கறுப்பு அம்பாசிடர் கார் வந்து நின்றது. முன்கதவு இரண்டும் ஒரே சமயத்தில் திறந்தன. ஒரு பக்கம் டிரைவர் குதித்து, தெரு முனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார். மறுபக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். அவர் ஓடவில்லை. பின்கதவைத் திறந்து உள்ளே இருந்த அட்டைப் பெட்டிகளை இழுக்க ஆரம்பித்தார்.

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ரப்பரும் நூலும் சேர்ந்து கருகும் நாற்றம் தெரு முழுக்க.

“வெடி இருக்கு! எல்லாரும் தள்ளிப் போங்க! வெடி!” என்று அவர் கத்தினார்.

விருதுநகர்க்காரர்களுக்கு அந்த ஒரு வார்த்தையை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்த டீக்கடைக்காரர் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினார். பருப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைக் கீழே போட்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் தெரு காலி.

நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் கையில் இருந்தது. அப்படியே எழுந்து போய்க் காரின் பானெட்டைத் தூக்கினேன். பேட்டரியிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் தனியாகக் கிளம்பி, இஞ்சினைச் சுற்றிக்கொண்டு, உள்பக்கத் தகட்டில் இருந்த ஓட்டைக்குள் போனது. அதன் மேல் சுற்றியிருந்த நூல் பழுப்பாகிப் புகைந்துகொண்டிருந்தது. பேட்டரி முனையைக் கழற்றத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. முந்தானையைக் கத்தரிக்கோல் பிடியில் சுற்றிக்கொண்டு, பேட்டரிக்கு மிக அருகில் அந்த ஒயரை வெட்டினேன். நீலமாக ஒரு பொறி பறந்தது. அவ்வளவுதான்.

புகை கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து நின்றது.

கை நடுங்கியது என்று எழுதினால் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும் என்று என் மகள் சொல்கிறாள். நடுங்கவில்லை. நடுங்காததை நடுங்கியதாக எழுத எனக்கு வராது. ஆனால் அந்த மனிதர் பெட்டிகளையெல்லாம் தெருவுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றபோது, அவருடைய வேட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

“யாரும்மா நீங்க?” என்று கேட்டார்.

“தையல் டீச்சர்” என்றேன்.

முதலில் உயிரை எடு

சாத்தூரில் மிஷன் பெண்கள் பள்ளியில் நான் தையல் சொல்லிக்கொடுத்ததையும், கல்யாணமாகி விருதுநகர் வந்ததையும் இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வரி. என் வீட்டுக்காரர் ஜெபராஜ் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து, ரேடியோ வேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஒரு கடை எடுத்தோம். கடையில் பாதி அவருடைய ரேடியோ ரிப்பேர், பாதி என் தையல் மெஷின். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது.

அதனால் அவருடைய வேலை என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ரிப்பேர் செய்யும்போது தனக்குத் தானே பேசுகிற பழக்கம் அவருக்கு. “இங்கன வரைக்கும் கரண்ட் வருது. அதுக்கு அப்புறம் இல்ல. அப்ப பழுது இங்கனதான் இருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். நான் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன். கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி வேலை தெரிந்துவிட்டது.

எதையாவது தொடுவதற்கு முன்னால் அவர் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. “முதல்ல உயிரை எடு.” உயிர் என்றால் கரண்ட். வீட்டு ரேடியோ என்றால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கார் என்றால் பேட்டரியில் துண்டிக்க வேண்டும். பழுதை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

அன்றைக்கு அவர் வால்வு வாங்க மதுரைக்குப் போயிருந்தார். அவர் சொல்கிற வாக்கியம் மட்டும் கடையில் இருந்தது.

அந்தக் காலத்துக் கார் ரேடியோவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது போலக் கைக்கு அடக்கமான சாமான் இல்லை. வெல்லப் பெட்டி கனம் இருக்கும். உள்ளே சின்னச் சின்ன பல்பு போல வால்வுகள். குமிழைத் திருகினால் உடனே பாடாது. உள்ளே ஏதோ வண்டு சிக்கிக்கொண்டது போல ‘ம்ம்’ என்று ஒரு சத்தம் வரும். வால்வு சூடேற வேண்டும். அதுவரைக்கும் காரில் இருப்பவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் எங்கோ தூரத்திலிருந்து வருவது போலத் திருச்சி நிலையம் மெல்லக் கிளம்பி வரும்.

மழைக்கு ஒரு ரேடியோ

காரில் வந்தவரைச் சிவகாசிப் பக்கம் எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். விஸ்வநத்தத்தில் ஒன்றும் எம். புதுப்பட்டியில் ஒன்றுமாக அவருக்கு இரண்டு வெடிக் கம்பெனிகள். புரட்டாசி மாதம். தீபாவளி ஆர்டர்கள் முட்டி மோதுகிற சீசன். மதுரை வியாபாரிகளுக்குக் காட்டச் சாம்பிள் பெட்டிகளோடு போய்க்கொண்டிருந்தபோதுதான் கார் புகைந்திருக்கிறது.

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “இந்தச் சனியனைக் கழட்டித் தெப்பக்குளத்துல போட்டுருங்கம்மா” என்று ரேடியோவைக் காட்டினார்.

“ரேடியோ என்ன செஞ்சுச்சு அண்ணாச்சி? ஒயரைப் பிடிச்சவர் செஞ்ச வேலைக்கு அது என்ன பண்ணும்?”

“எவன் செஞ்சா என்ன? இன்னைக்கு நானும் என் டிரைவரும் தெருவோட போயிருப்போம். உங்க தெருவும் சேர்ந்து போயிருக்கும்.”

மதுரையில் யாரோ ஒருவரிடம் கொடுத்து, அவசர அவசரமாக ரேடியோவை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒயர்கள் சவலைப் பிள்ளையின் கை கால் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு ஒயர் சேரும் இடத்தில் வெறுமனே முறுக்கி, மேலே காகிதம் ஒட்டுகிற டேப்பைச் சுற்றியிருந்தது. பியூஸ் என்ற ஒன்றே கிடையாது. பேட்டரியிலிருந்து நேரே இழுத்திருந்ததால் சாவியை எடுத்தாலும் அந்த ஒயரில் கரண்ட் இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

“பாட்டுக் கேக்குறதுக்கா அண்ணாச்சி இதை வச்சீக?”

“பாட்டா! எனக்கு மழை தெரியணும்மா.”

அப்போதுதான் விவரம் சொன்னார். வெடி செய்கிற இடத்தில் எல்லாமே வெயிலை நம்பித்தான். மருந்து காய வேண்டும், காகிதக் குழாய் காய வேண்டும், திரி காய வேண்டும். ஒரு மழை அடித்தால் களத்தில் கிடப்பது எல்லாம் வீண். ரேடியோவில் வானிலை சொல்கிறார்கள். ஆனால் அது சொல்லும் நேரத்தில் அவர் எந்த ரோட்டில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. இந்தக் கம்பெனிக்கும் அந்தக் கம்பெனிக்கும் அலைகிற மனிதர். அதனால்தான் காரிலேயே ரேடியோ.

எனக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. “நாங்க மாட்டித் தாரோம். ஒரு பொறி வராது” என்றேன்.

“எப்படிம்மா நம்புறது?”

“மாட்டி முடிச்சதும் நானே அதுல உட்கார்ந்து விஸ்வநத்தம் வாரேன். வேணும்னா வெடிப்பெட்டியையும் என் பக்கத்துல வைங்க.”

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரும்பி, தெரு முனையிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவரிடம், “ஏலே மாடசாமி, வாலே இங்க. வண்டி இங்கனயே நிக்கட்டும். பெட்டிக்கு ஒரு மாட்டு வண்டி பிடி” என்றார்.

சாயங்கால ரயில்

என் வீட்டுக்காரர் சாயங்கால ரயிலில் வந்து இறங்கினார். ஸ்டேஷனிலிருந்து கடைக்கு வருவதற்குள் ஊரே அவருக்குக் கதை சொல்லிவிட்டது. ஒருவர், உன் சம்சாரம் வெடி வண்டியை அணைத்துவிட்டாள் என்றாராம். இன்னொருவர், வெடிக்குள்ளேயே கையை விட்டுவிட்டாள் என்றாராம்.

கடைக்கு வந்தவர் வால்வுப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை, புறங்கை, விரல் நுனி. பிறகுதான் பேசினார்.

“அந்த வண்டி இங்க நிக்கக் கூடாது.”

“நாம மாட்டித் தாரோம்னு சொல்லிட்டேங்க.”

“யாரைக் கேட்டுச் சொன்ன?”

“நீங்க இருந்திருந்தா இதே ஒயரை வெட்டியிருக்க மாட்டீகளா?”

“நான் வெட்டுவேன். நீ வெட்டக் கூடாது.” அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு உயர்ந்தது. “ஊர்ல இருக்கிற எந்தக் காருக்கு வேணும்னாலும் செய்யுதேன். வெடிக்காரர் காருக்கு மட்டும் மாட்டேன். அவருக்கு வேற ஆளா இல்ல?”

என் வீட்டுக்காரருக்கு ஓர் அண்ணன் இருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, விஸ்வநத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் நடந்த விபத்தில் போய்விட்டார். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. தந்தி கிடைத்து என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் ஒவ்வொருவரிடமும் போய், எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறார். செருப்பில் ஆணி இருந்தது என்றார் ஒருவர். மருந்தைச் சலிக்கும்போது கல் கிடந்தது என்றார் இன்னொருவர். வெயில் என்றார்கள். விதி என்றார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. சொல்ல ஆளில்லை.

இதெல்லாம் என் மாமியார் சொல்லி எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அண்ணன் பெயரைக்கூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சிவகாசிப் பக்கம் ஏதாவது வேலை வந்தால் திருத்தங்கல் வரைக்கும் போவார். அதற்கு மேல் போகமாட்டார்.

ஆனாலும் நான் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவதாக இல்லை. அவர் பயத்தை நான் மதித்தேன். ஆனால் அவர் செய்யாவிட்டால் அந்த வண்டிக்கு மறுபடியும் யாரோ ஒருவர் ஒயரை முறுக்கிக் காகித டேப் சுற்றுவார். அது எனக்குத் தாங்காது.

வழுக்கை விழுந்த இடம்

மறுநாள் காலையில் அவர் கடையைத் திறக்க வந்தபோது நான் காருக்குள் இருந்தேன். கருகிய ஒயரை முழுதாக உருவி எடுத்துக் கடை வாசலில் நீட்டிப் போட்டேன். உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டேன்.

பழுது ஒன்று கண்ணில் பட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதைத் தந்திரம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஒயரைத் தாண்டி உள்ளே வந்தார். ஒரு ரேடியோவைத் திறந்தார், மூடினார். மறுபடி வாசலுக்குப் போனார். குத்த வைத்து உட்கார்ந்து ஒயரை ஒரு முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. எழுந்து போய்க் காரின் பானெட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

“எமிலி, இங்கன வா” என்று கூப்பிட்டார்.

இஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறதல்லவா, அதில் துளை போட்டு ஒயரை உள்ளே விட்டிருந்தார்கள். துளையின் ஓரத்தை அரம் வைத்துத் தேய்க்கவில்லை. ரப்பர் வளையம் போடவில்லை. அரிவாள் போன்ற அந்த ஓரத்தில், வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒயர் உரசியிருக்கிறது. நூல் போய், ரப்பர் போய், செம்பு தகட்டைத் தொட்டுவிட்டது. தகட்டின் ஓரத்தில் செம்பு உருகி ஒட்டிய பொட்டு ஒன்று பளபளத்தது. ஒயரில் அதே இடத்தில் வழுக்கை விழுந்திருந்தது. இரண்டையும் பொருத்திக் காட்டினார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

“இதான்” என்றார். “இந்த ஒரு இடம். இதான் காரணம்.”

“ஆமா.”

“வேற ஒண்ணும் இல்ல எமிலி. விதி இல்ல, வெயில் இல்ல. ஒரு ரப்பர் துண்டு இல்லாமப் போச்சு. அம்புட்டுத்தான்.”

அப்படியே காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒயர் கையில் இருந்தது. அந்த வழுக்கையான இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவர் எந்த நெருப்பை நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “செய்வோம்” என்றார். “ஆனா முறையா செய்வோம்.”

காஜா தையல்

முறையாகச் செய்தோம். இதை நான் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கை பெரிய கை. டாஷ்போர்டுக்குப் பின்னால் அது நுழையாது. முன்பு ஒரு தடவை வேறொரு காரில் நுழைத்து, கைக்கடிகாரத்தோடு மாட்டிக்கொண்டு, வாரைக் கழற்றிய பிறகுதான் வெளியே வந்தது. என் கை சின்னக் கை. ஊசிக்குப் பழகிய விரல். ஆகவே யோசனை அவருடையது, உள்ளே போகிற கை என்னுடையது என்று முடிவானது.

முதலில் நூல் பிடித்து அளவெடுத்தேன். சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான். பேட்டரியிலிருந்து தகடு வரைக்கும், தகட்டிலிருந்து சாவித் துவாரம், அங்கிருந்து ரேடியோ, ரேடியோவிலிருந்து ஸ்பீக்கர், ஏரியல். வளைகிற இடத்தில் துணிக்குச் சுருக்கம் விடுவது போல ஒயருக்கும் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி குலுங்கும்போது இழுபடும்.

அந்த அளவை ஒரு பலகையில் கோடாகப் போட்டு, திரும்பும் இடங்களில் எல்லாம் ஆணி அடித்தார் அவர். ஆணிகளுக்கு நடுவே புது ஒயர்களைப் படுக்கவைத்தோம். அவற்றை ஒரே கொத்தாகக் கட்ட வேண்டும். ராணுவத்தில் மெழுகு தேய்த்த நூலால் ஒரு முடிச்சுப் போடுவார்கள் என்று சொல்லிப் போட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது காஜா தையல்ல?”

“அப்படின்னா?”

“பட்டன் துவாரத்துக்கு எடுப்போமே, அது. உங்க பட்டாளத்துக்காரக எங்ககிட்ட இருந்துதான் படிச்சிருப்பாக.”

அந்த வண்டி வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். நான் தேன்மெழுகு தேய்த்த நூலால் ஒயர் நெடுகக் காஜா எடுத்தேன். ஒவ்வொரு முடிச்சும் தானே தன்னைப் பூட்டிக்கொள்ளும். ஒன்று அறுந்தாலும் அடுத்தது அவிழாது. தகட்டைத் தாண்டும் இடத்துக்கு மட்டும் கித்தான் துணியில் ஓர் உறை தைத்து மாட்டினேன். அவர் துளையின் ஓரத்தை விரல் வைத்தால் வழுக்கும்படி அரத்தால் ராவி, ரப்பர் வளையம் பொருத்தினார்.

சேர்கிற இடம் ஒவ்வொன்றையும் முறுக்கி, ஈயம் பற்றவைத்தார். பற்றவைத்ததும் தன் முழுப் பலத்தையும் போட்டு இழுத்துப் பார்ப்பார். பேட்டரி பக்கத்திலேயே கண்ணாடி பியூஸ் ஒன்று. சாவியைத் திருப்பினால்தான் ரேடியோவுக்கு உயிர். சாவியை எடுத்தால் அதன் பிறகு அந்த ஒயரில் ஒன்றும் கிடையாது.

ஊர் பேசியது. பேசாமல் இருக்குமா? நான் காருக்குள் மல்லாந்து படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டால், கால் இரண்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மா வந்து, “ஏம்மா, டீச்சரா இருந்த பிள்ளை இப்படித் தெருவுல கிடக்கலாமா?” என்று காரின் கூரையைப் பார்த்துக் கேட்டார்கள். “கிடக்கல அக்கா, வேலை பாக்கேன்” என்று உள்ளேயிருந்தே பதில் சொன்னேன். என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து ஜமுக்காளத்தை எடுத்துவந்து கார் கதவில் திரைபோலக் கட்டிவிட்டார். அப்புறம் தெருவுக்குப் பார்க்க ஒன்றுமில்லாமல் போனது.

எல்லாம் மாட்டி இஞ்சினை ஓடவிட்டால் ரேடியோவில் ஆள் குரலுக்கு மேலே ‘டர்ர்’ என்று ஒரு சத்தம். இஞ்சினில் பொறி அடிக்கும் சத்தம் அது. அதற்கு அவர் இரண்டு இடத்தில் கண்டன்சர் போட்டார். சத்தம் நின்றது. செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

திருத்தங்கல் தாண்டி

வண்டியை எடுக்க அண்ணாச்சி வந்தார். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். “என்னம்மா, ஒயரையே காணோம்?” என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

“சொன்னபடி வாரீகளா? பெட்டி கொண்டு வரச் சொல்லவா?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “பெட்டி வேண்டாம் அண்ணாச்சி. இவ தையலை நான் நம்புறேன். ரோட்டை நம்பல. வெடி எப்பவும் போல லோடு வண்டியிலயே போகட்டும். இனிமே கார்ல ஏத்தாதீக.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “நானும் வாரேன்” என்றார்.

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மாற்றிக்கொள்வாரோ என்று பயம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் அன்றைக்குப் பயந்தேன்.

ஆமத்தூர் வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் கரிசல். மாடசாமி பள்ளம் ஒன்றையும் விடவில்லை. வேண்டுமென்றே இறக்கினார் என்று இப்போதும் நினைக்கிறேன். ரேடியோ ஒரு தடவைகூட விட்டு விட்டுப் பேசவில்லை. திருத்தங்கல் வந்தது. என் வீட்டுக்காரர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். திருத்தங்கல் போனது. அவர் பிடியைத் தளர்த்தவில்லை. ஆனால் நிறுத்தச் சொல்லவுமில்லை.

சிவகாசிக்குள் நுழையும்போது வானிலை சொன்னார்கள். தென் மாவட்டங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. அண்ணாச்சி என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி, நம்பலாமா உங்க பெட்டியை?”

“பெட்டியை நம்பலாம் அண்ணாச்சி. வானத்துக்கு நான் பொறுப்பு இல்ல.”

விஸ்வநத்தத்தில் கம்பெனி வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். காவல்காரர் காரை உள்ளே விடவில்லை. முதலாளி கார் என்றாலும் மரத்தடியோடு சரி. அண்ணாச்சி உள்ளே போய்க் களத்தில் காய்ந்ததை எல்லாம் எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மழையும் வரவில்லை. அன்றைக்குச் சாத்தூரில்தான் பெய்ததாம். வேலையாட்கள் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பதும், ரேடியோவைப் பார்ப்பதும், சிரிப்பதுமாகக் காரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

ஆனால் அவர்களுக்கு மழையைவிடப் புகைதான் பெரிய விஷயம். கதை அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. கை முழுக்க அலுமினியப் பொடி மினுங்க ஓர் அம்மா முன்னால் வந்தார். “அன்னைக்கு ஏன் பொகைஞ்சுச்சு அய்யா? பேய் பிடிச்ச வண்டிங்காகளே” என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் பானெட்டைத் தூக்கினார். அந்தக் கருகிய ஒயரின் ஒரு துண்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். எனக்கே தெரியாது. அதை எடுத்து, வழுக்கை விழுந்த இடத்தைக் காட்டினார். தகட்டுத் துளையைக் காட்டினார். எப்படி உரசியது, எப்படி ரப்பர் தேய்ந்தது, எந்த இடத்தில் செம்பு தொட்டது, தொட்டதும் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. ஒருவரும் நகரவில்லை. ஒயர்த் துண்டு கை மாறி மாறிப் போனது. ஒவ்வொருவரும் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக் கொடுத்தார்கள்.

அந்த அம்மா மட்டும் தன் முறை வந்தபோது ஒயரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்ப எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்னு சொல்லுதீகளா அய்யா?”

அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மரத்துக்கு அப்பால் கரிசல் வெளி. அந்தப் பக்கம் எங்கோதான் அந்தப் பழைய கம்பெனி இருந்திருக்க வேண்டும்.

“இருக்கும்மா” என்றார். “நமக்குச் சொல்ல ஆள் இல்லாமப் போயிருக்கலாம். ஆனா காரணம் இருக்கும்.”

திரும்பும்போது அண்ணாச்சி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரேடியோவில் யாரோ வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திருத்தங்கல் தாண்டியதும் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, “எங்க சாமுவேல் அண்ணன் நல்லா விசிலடிப்பான்” என்றார்.

நான் அசையவில்லை.

“சைக்கிள்ல இந்த ரோட்டுலதான் வேலைக்குப் போவான். விசில் சத்தம் முதல்ல வரும், அப்புறம்தான் ஆள் வருவான்.”

முன்சீட்டிலிருந்து அண்ணாச்சி கையை நீட்டிக் குமிழைத் திருப்பினார். வீணை நின்றது.

“சொல்லுங்க தம்பி” என்றார்.

ஆமத்தூர் வந்தது. அவர் பேசிக்கொண்டே வந்தார்.